நான்காவது அடிக்கு முன்

கிடங்கில் அண்ணன் இரும்புக் கம்பியோடு தம்பி மேல் பாய்கிறான். அட்டைப் பெட்டிகள் சரிகின்றன. கைகலப்பில் தெறித்த தம்பியின் பல் ஒன்று வெயில் விழும் சிமெண்ட் தரையில் மினுங்குகிறது. சுமைக்காரர்கள் கத்துகிறார்கள், யாரும் நெருங்கவில்லை. மேற்பார்வையாளன் அசையாமல் நின்று பார்க்கிறான். "யோவ் சைக்காலஜி, படிச்சதெல்லாம் வேடிக்கை பாக்கத்தானா?" என்று லாரி டிரைவர் அலறுகிறார். கல்லூரியில் சைக்காலஜி படித்தபோது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, சண்டையிடும் குழந்தைகளின் ஒவ்வொரு அசைவையும் தாளில் குறித்துப் பழகியவன் அவன். முதல் அடி தோளில் விழுகிறது. அண்ணனின் கண் வாசலுக்குப் போய்த் திரும்புகிறது. அடுத்தது விலாவில், மறுபடி வாசல். மூன்றாவதில் முழங்கால் எலும்பு முறியும் சத்தம் கேட்கிறது, அப்போதும் வாசல். தன்னைத் தடுக்க யாராவது வர மாட்டார்களா என்று தேடும் பார்வை அது. கம்பி இப்போது தம்பியின் தலைக்கு மேல் உயர்கிறது. மேற்பார்வையாளன் அந்தக் கையைப் பிடிக்கப் பாயவில்லை; விறுவிறுவென்று போய் வாசலில் நிற்கிறான். "போதும்ணே. குடுங்க." அண்ணனின் கை தாழ்கிறது. கம்பியைத் தரையில் கீச்சிட இழுத்துக்கொண்டு வந்து அவனிடம் நீட்டுகிறான். அவன் பிடித்திருந்த இடம் இன்னும் சூடாக இருக்கிறது. உள்ளேயிருந்து தம்பி ரத்தத்தைத் துப்பிவிட்டுக் கேட்கிறான்: "மூணு அடி வரைக்கும் எண்ணிக்கிட்டா சார் நின்னீங்க?"