நூலில் ஐந்து முடிச்சு

வீட்டுக்கார அம்மாள் ஹலீமா பீ அந்தப் புதன்கிழமையும் நூலுருண்டையோடுதான் வந்தார்.

"இது இன்னா?" என்று வாசலைக் காட்டிக் கேட்டார்.

சவுரியம்மாள் தன் சக்கர நாற்காலியை முன்னால் உருட்டி வந்தாள். அவள் கணவன் துரைசாமி வாசல் நிலையின் அடிக்கட்டையை அறுத்தெடுத்து மூன்று மாதம் ஆகிறது. கேட்டுச் செய்யவில்லை.

"நாற்காலிக்கு இடிச்சுதுங்க பீபிம்மா. அதான் கட்டையை எடுத்துட்டு, படி மேல சரிவா பலகை போட்டாரு. ஒரு சாண் உயரத்துக்கு எட்டு சாண் நீளம். அதுக்குக் கம்மின்னா ஏத்த முடியாது."

"பலகை மேல எதுக்குத் தோலு?"

"சக்கரம் வழுக்காம இருக்கத்தாங்க. சொரசொரப்புப் பக்கம் மேல வர்ற மாதிரி அடிக்கணும்."

ஹலீமா பீ நூலைப் பிடித்து அளந்தார். முடிச்சுப் போட்டார். முழம் ஆளுக்கு ஆள் மாறும், நூல் மாறாது. கணக்கு வாத்தியார்கள் மறந்தாலும் வீட்டுக்காரர்கள் இதை மறப்பதில்லை.

"தாழ்ப்பாள் ஏன் இவ்ளோ கீழ?"

"உட்கார்ந்தபடி எட்டணுங்களே."

ஒரு முடிச்சு.

"தண்ணிக் குடம்?"

"மரச்சட்டத்துல சாய்ச்சு வெச்சிருக்கு. தூக்க வேணாம், லேசா அழுத்தினா ஊத்தும்."

இன்னொரு முடிச்சு. நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே கிடந்த சாப்பாட்டுப் பலகைக்கும் ஒன்று.

கடைசியாக ஒரு விசித்திரம். "எங்க, கூடத்துல ஒருக்கா சுத்து!" என்றார். சவுரியம்மாள் நாற்காலியைச் சுற்றினாள். சுற்றிய இடத்தையும் அளந்து ஐந்தாவது முடிச்சைப் போட்டுக்கொண்டு, சலாம்கூடச் சொல்லாமல் போய்விட்டார்.

ஆம்பூரில் முப்பத்துநாலாம் வருஷம் அப்படி ஒரு நாற்காலி அது ஒன்றுதான். காய்ச்சலில் கால் விழுந்த சவுரியம்மாளுக்காக, வேலூர்த் தச்சர் ஒருவர் சைக்கிள் சக்கரம் பூட்டிச் செய்தது. நாற்காலி வந்த பிறகு பதினொரு வீடு பார்த்தார்கள். ஐந்தில் கதவு குறுகல், மூன்றில் கூடம் குறுகல். மீதி மூன்றில் எல்லாம் அகலம். வீட்டுக்காரர் மனம்தான் குறுகல். பன்னிரண்டாவது இது.

இதற்குமுன் குடியிருந்த ஆதிகேசவன் சுவரில் ஒரே ஓர் ஆணி அடித்ததற்காகக் காலி செய்ய நேர்ந்தது என்று தெருவில் பேச்சு.

துரைசாமிக்குத் தோல் கிடங்கில் தரம் பிரிக்கிற வேலை. சாயங்காலம் வந்தவனிடம் சவுரியம்மாள் எல்லாவற்றையும் சொன்னாள்.

"சேதத்தை அளந்துட்டுப் போயிருக்காங்க" என்றான்.

"அப்டின்னா அடுப்பைல்ல முதல்ல அளக்கணும்? நீங்க எழுப்பின செங்கல் மேடை இன்னா சின்னதா? அதைத் திரும்பிக்கூடப் பாக்கல."

துரைசாமி யோசித்தான். "சுத்துற இடத்தை வேற அளந்தாங்கன்ற. அது சேதமே இல்லியே... புரிஞ்சுபோச்சு. அவங்க சொந்தத்துல யாருக்கோ கால் போயிருக்கு. எல்லா வசதியும் நாம செஞ்சு வெச்சிருக்கோம். நம்மள அனுப்பிட்டு அவங்களை இங்க கொண்டாந்து வெக்கப் போறாங்க."

"ஐயோ மாதாவே!"

"நீ எதனா வாய் விட்டியா?"

"இல்லியே. பெருநாளைக்குக் குடித்தனக்காரங்க எல்லாரும் சாப்பிட வந்தாங்க, நீ மட்டும் ஏன் வரலன்னு கேட்டாங்க. உங்க வாசல்ல நாலு படி, என் வண்டி எப்டி ஏறும்னேன். அதோட பேச்சை நிறுத்திட்டாங்க."

"பெரிய வீட்டு வாசலையே குறை சொல்லிட்டு வந்திருக்கே. வெளங்கும்!"

பத்து நாள் கழித்து ஹலீமா பீயின் வேலைக்காரி மஹ்பூபி வந்தாள். "ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரையும் வீட்டாண்ட வரச் சொன்னாங்க."

"எதுக்காம்?"

"எனக்கு இன்னா தெரியும்? தச்சனை வெச்சு வீட்டையே ரெண்டு பண்றாங்க. பேஜாரு."

ஞாயிற்றுக்கிழமை துரைசாமி வீட்டுச் சாவியையும் மடியில் செருகிக்கொண்டு நாற்காலியைத் தள்ளிப்போனான். கேட்கும்முன் கொடுத்துவிட்டால் மரியாதையாவது மிஞ்சும்.

பெரிய வீட்டின் நாலு படியையும் காணோம். அவற்றை மூடி ஒரு நீளமான சரிவுப் பலகை, பாதித் தெருவை அடைத்துக்கொண்டு கிடந்தது. மேலே பளபளவென்று சிவப்பு ஆட்டுத்தோல். கதவில் மடியளவு உயரத்தில் புதுத் தாழ்ப்பாள். உள்ளே மரச்சட்டத்தில் சாய்ந்திருந்த ஒரு குடம்.

"நான் சொன்னேன்ல?" என்று முணுமுணுத்தான் துரைசாமி. பிறகு கதவுத் திரையைப் பார்த்துக் கேட்டான்: "உங்க வீட்ல யாருக்குங்க பீபிம்மா நடக்க முடியாம போச்சு?"

"தோபா, தோபா! இன்னா பேச்சு இது!" திரைக்குப் பின்னாலிருந்து ஹலீமா பீ சீறினார். "அல்லா கருணையில எல்லாரும் நல்லாத்தான் நடக்குறாங்க. நாலு படி ஏற முடியாதுன்னு சொன்னது உன் பெண்சாதிதானே? வெச்ச சோறு ஆறுது, மேல வாங்க."

சவுரியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். துரைசாமி சாவியை மடியில் இன்னும் ஆழமாகச் செருகிவிட்டு, நாற்காலியைப் பலகை மேல் தள்ளினான்.

பாதி ஏறிய சக்கரம் சர்ரென்று வழுக்கிக் கீழே வந்தது. மறுபடி தள்ளினான். மறுபடி வழுக்கியது. தரம் பிரிக்கிறவனுடைய கண் தோலைப் பார்த்தது.

"பீபிம்மா, தோலைத் திருப்பி அடிச்சிருக்காங்க! சொரசொரப்பு மேல வரணும்னு இவ சொல்லலீங்களா?"

"சொன்னா, சொன்னா" என்றது திரை. "எனக்குத்தான் மனசு வரல. விருந்தாளி வர்ற வழியில, நல்ல பக்கத்தை மறைச்சுட்டு மட்டப் பக்கத்தையா விரிப்பாங்க?"