எட்டாம் வாரம்

இந்தோனேசியாவின் செமாராங் நகரச் சுகாதார அலுவலகத்தின் சன்னலில் காலை மழை கோடு கோடாக இறங்குகிறது. என் திரையிலும் மூன்று கோடுகள், மூன்று கணிப்பு மாதிரிகள். கடைசிப் பன்னிரண்டு வாரங்களை மறைத்துவைத்து, எது டெங்கு எண்ணிக்கையைக் குறைந்த பிழையோடு சொல்கிறது என்று பார்க்கிறேன். ஜெயிக்கிற கோடு சொல்லும் அளவுக்குத்தான் அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் கட்டில் போடுவார்கள். போன வருடத்து எட்டாம் வாரத்தில் எண்ணிக்கை செங்குத்தாக எழுந்து விழுகிறது. மென்பொருள் அந்தப் புள்ளியைச் சிவப்பு வட்டமிட்டு, நீக்கவா என்று கேட்கிறது. புதிதாக மாற்றலாகி வந்த யூலி, பொரித்த தெம்பே சோயாத் துண்டைக் கடித்தபடி எட்டிப் பார்க்கிறாள். "யாரோ தூக்கத்துல தப்பாத் தட்டியிருக்காங்கக்கா. தூக்கிடுங்க, பச்சைக் கோடு ஜெயிச்சிடும். அது சொல்ற தொண்ணூறு கட்டில் போதும்னா டைரக்டர் உங்களத் தலையில வச்சு ஆடுவாரு." அந்த வாரத்து இருநூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி என் மகள் லாரஸ். கட்டில் கிடைக்காமல், ஆஸ்பத்திரி நடைக்கூடத்து நாற்காலியில், என் மடியிலேயே போனாள். யூலிக்குத் தெரியாது. சுட்டியின் மேலிருக்கும் விரல் வேறு யாருடையதோ போலிருக்கிறது. "தப்பில்ல, யூலி. அத்தனை பேரும் வந்தாங்க." வட்டத்தை அப்படியே விட்டு, கணிப்பை ஓட்டுகிறேன். நூற்று நாற்பது கட்டில் என்று வருகிறது. சரிபார்ப்பதற்காக ஒரு முறை வாய்விட்டுப் படிக்கிறேன். ரயில் வரும் நேரத்தை யாரோ அறிவிப்பது போல் என் குரல் கேட்கிறது.