பெட்டி தராத குப்பம்

ஐஸ் பெட்டி கொடுத்த குப்பத்திலும் மீன் கெடவில்லை; ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகக் கொடுக்காமல் விட்ட குப்பத்திலும் கெடவில்லை.

"அப்போ பெட்டியால பிரயோஜனமில்லை. திட்டத்தை மூடிடலாம்" என்றார் அதிகாரி.

எல்லாக் குப்பத்துக்கும் பெட்டி வாங்கித் தந்துவிடலாம் என்ற நம்பிக்கையில் இரண்டு வருடம் கெட்ட மீனைக் கணக்கெடுத்த சுபஸ்ரீக்கு மனசு ஆறவில்லை. பெட்டி தராத குப்பத்தில் மீன் விற்கும் கஸ்தூரியம்மாளை எப்போதும் மீன் சந்தையில்தான் பார்ப்பாள். அன்று வீட்டுக்கே போனாள். மூலையில் ஐஸ் பெட்டி!

"இதை யாரு குடுத்தாங்க, அக்கா?"

"யாரு குடுப்பா? கம்மலை அடகு வெச்சு வாங்கினேன். குப்பத்துல எல்லாருந்தான்."

"ஏன், திடீர்னு?"

"இன்னாம்மா கேக்குற? நீதான் காரணம். மாசாமாசம் சந்தைக்கு வந்து, மீன் வாங்க நிக்கிறவங்க எதிர்லயே 'எவ்ளோ கெட்டுப்போச்சு'னு கேட்டா, எவன் வாங்குவான்?"