நிறுத்தினால் அணையும் வண்டி

சிக்னலில் பிரேக்கை மிதித்தேன். வண்டி ஓர் உதறு உதறி அணைந்தது. இது மூன்றாவது தடவை.

பின்னால் நின்றவர்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தார்கள். வந்த ஆத்திரத்தில் ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினேன்.

“சனியனே!”

பக்கத்து சீட்டில் இருந்த அப்பா, வண்டியைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்திருப்பார்.

“பொட்டப்புள்ள கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்” என்றார்.

அவருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது. நான் இதே வண்டியில் தினமும் ஆபீஸ் ஆட்களை ஏற்றி இறக்கிச் சம்பாதிக்கிறேன். அவர் போட்டிருந்த சட்டையே அந்தச் சம்பாத்தியம்தான்.

பழைய டீசல் வண்டி. இரண்டு பேர் ஓட்டித் தள்ளிய பிறகு என் கைக்கு வந்தது. போன மாதமும் இதே தொல்லைதான். ஓடும்போது ஒழுங்காக ஓடும், நிறுத்தினால் அணைந்துவிடும். மெக்கானிக் அண்ணன் மல்லுக்கட்டிச் சரிசெய்து கொடுத்தார். அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பின்சீட்டில் அம்மாவும் அக்காவும் இருந்தார்கள். அக்காவின் வலது மணிக்கட்டு இன்னும் வீங்கியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டாள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருந்தோம். அந்தக் கதவைத்தான் நான் இத்தனை நாளாக மாமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

இன்று மதியத்துக்குள் அவளைத் திரும்ப அவள் புருஷன் வீட்டில் விட்டாக வேண்டும் என்பது அப்பாவின் முடிவு. அவர்கள் வந்து அழைக்க மாட்டார்களாம், பெற்றவர்களே கொண்டுவந்து விடவேண்டுமாம். வாடகை வண்டியில் போய் இறங்கினால் அப்பாவுக்கு மானம் போய்விடுமாம். மகளின் கை போனால் பரவாயில்லை போல.

நேற்றுத் தொண்டை கட்டும் வரை சண்டை போட்டேன்.

“நீ ஓட்டலன்னா வேற ஆளப் போட்டு இதே வண்டியில கூட்டிட்டுப் போவேன்” என்றார் அப்பா. அம்மா வழக்கம்போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரி, நானே ஓட்டித் தொலைக்கிறேன் என்றேன். அக்கா நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நீயுமா என்கிற பார்வை அது.

ரயில்வே கேட்டில் மறுபடியும் அணைந்தது. சும்மா நின்றவர்கள் எல்லாம் வைத்தியம் சொல்ல வந்துவிட்டார்கள். டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் ஒருவர். குழாயில் காற்றுப் பிடித்திருக்கும், பம்ப் அடி என்றார் இன்னொருவர். இறங்கி பானெட்டைத் திறந்து, பில்டர் மேலிருந்த கைப்பம்பை வெறிகொண்டு அழுத்தினேன். கையெல்லாம் டீசல் நாறியது. மணி என்ன ஆகுது தெரியுமா என்று அப்பா ஜன்னல் வழியாகக் கத்தினார். பானெட்டை அறைந்து மூடினேன்.

ஊரைத் தாண்டும் இடத்தில்தான் மெக்கானிக் அண்ணனின் பட்டறை. நிறுத்து, அவனையே கேட்போம் என்றார் அப்பா.

விஷயத்தைக் கேட்டதும் அண்ணனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. “என் கை பட்ட வண்டி திரும்பி வந்ததே இல்ல” என்றார். பில்டரைக் கழற்றிப் பார்த்தார். குழாய்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். ஏசியையும் விளக்கையும் போட்டுவிட்டு, என்ஜினை நின்ற இடத்திலேயே ஓடவிட்டார். அது பூனைக்குட்டி மாதிரி மெல்ல முனகிக்கொண்டு ஓடியது. அணையவே இல்லை.

“பாத்தியா? வண்டில ஒண்ணும் இல்ல. இவ ஓட்டுறதுதான் கோளாறு” என்றார் அப்பா.



மெக்கானிக் அண்ணன் அதைக் காதில் வாங்காமல் பக்கத்து சீட்டில் ஏறினார். “நீ ஓட்டும்மா, நான் பாக்கறேன்.”

அப்பாவும் அம்மாவும் பட்டறை நிழலில் நின்றுகொண்டார்கள். அக்கா இறங்கவில்லை.

தெருமுனை வரை போய் நிறுத்தினேன். ஓர் உதறு. அணைந்தது.

அண்ணன் என்ஜின் பக்கம் திரும்பவே இல்லை. என் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கியரை எடுக்காமல், பிரேக்கை மிதித்தபடி கிளட்சை விட்டால் எந்த வண்டியும் இப்படித்தான் உதறி அணையும். ஓட்டப் பழகுகிறவர்கள் முதல் நாள் செய்கிற தப்பு. காலையிலிருந்து நிறுத்திய இடத்திலெல்லாம் அதைத்தான் வேண்டுமென்றே செய்துகொண்டிருந்தேன்.

“விளையாடுறியா? என் பொழப்புல மண்ணப் போடப் பாக்குறியா?” என்று சீறினார். “அப்படி எங்கதான் போறீங்க?”

“அக்காவ மாமா வீட்டுல விடப் போறோம்ணே” என்றேன்.

அண்ணன் பின்னால் திரும்பினார். அக்கா வீங்கிய கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். வண்டியைத் திருப்பும்மா என்று கையை மட்டும் காட்டினார்.

பட்டறையில் வேறு வண்டிக்காரர்கள் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அப்பா ஓடி வந்தார். “என்ன, நான் சொன்னதுதானே?”

“இல்லங்க பெரியவரே. பொண்ணு நல்லாத்தான் ஓட்டுது” என்றார் அண்ணன், அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி. “தப்பு என்னுது. போன மாசம் நான் பாத்த வேலை சரியில்ல. டீசல் பம்பக் கழட்டி வெளியூருக்கு அனுப்பணும். எப்ப வரும்னு சொல்ல முடியாது.”

அப்பா அவரை வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தார். தொழில் தெரியாதவன் என்றார், ஊரை ஏய்க்கிறவன் என்றார். அண்ணன் எல்லாவற்றையும் தலைகுனிந்து வாங்கிக்கொண்டே, சாவியைக் கேட்டு என்னிடம் கையை நீட்டினார்.