அடுத்த மேசை

அவள் எடுக்கவில்லை.

கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். மூடினாள். மறுபடியும் திறந்தாள்.

தொலைபேசித் திரையில் தென்னூர்ப் பெரியவரின் எண் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

ஒருவழியாக அவளுடைய மேசை அடங்கியது. பக்கத்தில், பெனடிக்டின் மேசையில், மணி தொடங்கியது.

மூச்சு விட்டாள்.

வீடுகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்பும் அலுவலகம். ஊருக்குத் தெரிந்தது ஒரே எண். உள்ளே மூன்று மேசைகள். முதல் மேசையில் எடுக்கப்படாத அழைப்பு இரண்டாம் மேசைக்குப் போகும். அங்கும் எடுக்காவிட்டால் மூன்றாவதற்கு. எடுத்தவர் பெயரில் அது பதிவாகும். சிலிண்டர் போய்ச் சேரும்வரை வசவும் அவருக்கே.

ஆகவே மூவருக்கும் ஒரு கலை கைவந்திருந்தது. சரியான நொடியில் தண்ணீர் குடிப்பது. குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வது. ஜிப்பைத் திறப்பது.

புதிதாகச் சேர்ந்தவளுக்கு முதல் மேசை.

நேற்று சிலிண்டர் போகத் தாமதம். பெரியவர் கத்தினார். “அவ மூச்சு விடவா, வேணாமா? நீயே சொல்லு!” மனைவியின் இருமல் அவருக்குப் பின்னால் கேட்டது. மேலாளர் கதவைத் திறந்து அவளைப் பார்த்தார். இன்னொரு புகார் வந்தால் வேலை நிரந்தரமாகாது என்று மாலையில் அழைத்துச் சொன்னார்.

பெனடிக்டின் மேசையும் அடங்கியது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால், விட்டவள் தான்தான் என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக ஷமீமாவின் மேசை. அடித்த மணி பாதியில் நின்றது.

மணி பாதியில் நின்றால் யாரோ எடுத்துவிட்டார்கள். அந்த அறையில் அதற்கு வேறு பொருளில்லை.

மதியம் மூவரும் அவரவர் மேசையிலேயே டிபன் பாக்ஸைத் திறந்தார்கள்.

“என்னம்மா,” என்றார் பெனடிக்ட், ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே. “தென்னூர்த் தாத்தா இன்னிக்கு உனக்கு அர்ச்சனை பண்ணலையா? பொழுதே போகமாட்டேங்குது.”

கவளம் அவள் விரல்களிலேயே நின்றது.

அவர் எடுக்கவில்லை.

அப்படியானால் ஷமீமா.

ஷமீமா தயிரைக் கலக்கியபடி நிமிர்ந்தாள். “காலைல எனக்கு ஒரு கால் வந்துச்சுண்ணே. கைய நீட்டுறதுக்குள்ள கட்டாயிடுச்சு. நம்பரைக்கூடப் பாக்கல. அவரா இருக்குமோ?”

“அவரா இருந்தா விடுவாரா? திரும்பத் திரும்பக் கூப்பிட்டு உசிரை எடுத்திருப்பாரே.”

இருவரும் சிரித்தார்கள்.

உண்மைதான். அவர் விடுகிறவர் அல்லர்.

காலையிலிருந்து அவர் அழைக்கவில்லை.

சோறு ஒட்டிய வலக்கையை ஒதுக்கி வைத்துக்கொண்டு, இடக்கையால் எண்களை அழுத்தினாள். மறுமுனை பயன்பாட்டில் இருந்தது. மீண்டும் அழுத்தினாள். மீண்டும் அதே ஒலி.

அவளுடைய தொலைபேசி ஓய்வாக இல்லாததால், பெனடிக்டின் மேசையில் மணி அடித்தது.

அவர் திரையை எட்டிப் பார்த்தார். “ஆயுசு நூறு! உன் ஆளுதான்.”

தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

அவள் ரிசீவரை வைத்துவிட்டு எழுந்தாள். அந்த அலுவலகத்தில் முதன்முறையாக, அடுத்தவர் மேசைக்குக் கையை நீட்டினாள்.

கத்தட்டும்.

என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். மேலாளர் கதவைத் திறக்கட்டும். அறை முழுக்கக் கேட்கும்படி அவர் கத்தினால் போதும்.

“அந்த சிலிண்டரை வந்து எடுத்துக்கச் சொல்லும்மா,” என்றார் பெரியவர்.

அவருக்குப் பின்னால் இருமல் இல்லை. நிறையப் பேர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“அவசரமில்ல.”

அவள் காதிலிருந்து ரிசீவரை எடுக்காமலே நின்றாள்.

முதல் மேசையில் மணி அடிக்கத் தொடங்கியது.

பெனடிக்ட் அதைப் பார்த்தார். ஷமீமாவும் பார்த்தாள்.

இருவரும் கையை நீட்டாமல், அது தங்கள் மேசைக்கு வரட்டும் என்று, காத்திருந்தார்கள்.