இன்றுமுதல் இருபத்தைந்து நொடி

சாய்ந்த மாலை வெயிலில், சிக்னல் கம்பத்தடியில் ஊன்றுகோலோடு பெரியம்மா நிற்கிறாள். பக்கத்தில் அவளுடைய தங்கை மகள். இயற்பியல் மாணவி, துணைப்பாடம் பொதுக்கொள்கை ஆய்வு. சாலையைக் கடந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு, நடப்பவர்களுக்குப் பன்னிரண்டு நொடி தாராளம் என்று எழுதியிருந்தது நகராட்சி. பாதியில் பயந்து திரும்பியவர்களை இவள் மூன்று வாரம் நின்று எண்ணினாள்: நூற்று நாற்பது பேர். எண்ணிக்கைத் தாளில் விழுந்த முதல் கோடு பெரியம்மா. அந்தத் தாள்தான் ஜெயித்து, பன்னிரண்டை இருபத்தைந்தாக்கியிருக்கிறது. பச்சை எரிகிறது; இருவரும் இறங்குகிறார்கள். ஊன்றுகோல் தார்ச்சாலையைத் தட்டித் தட்டி நகர்கிறது; வண்டிகள் உறுமிக்கொண்டே காத்திருக்கின்றன. எதிர் நடைபாதையில் ஏறித் திரும்பிப் பார்க்கிறாள் பெரியம்மா. "இன்னும் நாலு நொடி இருக்கு பெரியம்மா!" "வாடி, மறுபடியும் அந்தப் பக்கம் போகலாம்." "அங்க என்ன வேலை?" "ஒரு வேலையும் இல்ல."