சரிவு மேடை யாருக்கு?

"கூரை ஒழுகினா ஒழுகட்டும் சார். எங்கிட்ட வாளி இருக்கு. அந்தப் பலகையில ஒரு சரிவு மேடை செஞ்சு குடுங்க, போதும்."

தையல்காரம்மா இப்படிச் சொன்னதும் கணக்கு சாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

கோடை விடுமுறை வந்தால் சர்ச்சிலிருந்து ஒரு ஊழியக் குழு கிளம்பும். முடியாதவர்கள் வீட்டைத் தேடிப் போய்ப் பழுது பார்த்துக் கொடுப்பார்கள். இந்த வருஷம் குழுவுக்குத் தலைவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லித் தரும் சார். பலகை, சட்டம், ஆணி என்று வீட்டுக்கு வீடு பிரித்து வேனில் ஏற்றி வந்திருந்தார்.

"சரிவு மேடைன்னா?"

"சக்கர நாற்காலி ஏத்துவாங்களே, அந்த மாதிரி."

சார் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரே அறை. தையல் மெஷின், கட்டில், ஓரமாக அடுப்பு. கூரைத் தகரத்தில் ஓட்டை ஓட்டையாக வானம் தெரிந்தது. சக்கர நாற்காலியும் இல்லை, அதில் உட்கார ஆளும் இல்லை.

"யாருக்கும்மா?"

"வர்றவங்க யாராவது வருவாங்க."

"மழை வரப்போகுதும்மா. இருக்கற பலகை ஏதாவது ஒரு வேலைக்குத்தான் போதும். கூரையா, மேடையா?"

"மேடை," என்றார் அம்மா, ஊசியில் நூலைக் கோத்தபடி.

குழுவில் வந்திருந்த மருந்துக்கடை அக்கா சாரின் காதைக் கடித்தார். "எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு சார். நம்ம தலை மறைஞ்சதும் வித்துடுவாங்க, பாருங்க."

சாருக்கும் உள்ளுக்குள் குறுகுறுத்தது. விடை வராத கணக்கு ஒன்று மிச்சமிருந்தால் சோறு இறங்காத ஆள் அவர்.

அம்மா அளவு சொன்னபோது குறுகுறுப்பு இன்னும் கூடியது. துணி அளக்கும் டேப்பை விரித்து, நீளம் இவ்வளவு, அகலம் இவ்வளவு என்று கடகடவென்று ஒப்பித்தார்.

குழுவின் தச்சர் வாசலைப் பார்த்தார். இருந்ததே ஒரு படி. அதுவும் பாதி மண்ணுக்குள் புதைந்த படி.

"அம்மா, இந்த நீளத்துக்குச் செஞ்சா மேடை தெருவைத் தாண்டி எதிர்வீட்டுக்குள்ள போய் நிக்கும்."

"போனா போகட்டும். அவங்க நல்லவங்கதான். அப்புறம், துண்டு துண்டா கழட்டி மாட்டற மாதிரி இருக்கணும்."

"பாத்தீங்களா?" என்று அக்கா கண்ணால் ஜாடை காட்டினார்.

வேலை ஆரம்பமானது. பலகையைப் பிடித்துக்கொண்டே சார் மெல்லத் தூண்டில் போட்டார்.

"சொந்தக்காரங்க யாராச்சும் வர்றாங்களாம்மா?"

"எனக்கு யாரு சார் இருக்கா?"

"உங்களுக்குக் கால்ல ஏதாவது கோளாறா?"

"மெஷின் மிதிக்கற கால் சார். இரும்பு!"

"அப்ப யாருக்குத்தான்..."

"கணக்கு வாத்தியார்னா கேள்வியாவே கேட்டுக்கிட்டு இருப்பீங்களா? அந்தப் பக்கம் நல்லா அழுத்திப் புடிங்க, ஆடுது!"

சாயங்காலம் மேடை தயார். சக்கரம் வழுக்காமலிருக்க ஓரத்தில் கட்டை வைத்து அடிக்கச் சொல்லி, அதன்மேல் அம்மாவே இரண்டு தடவை ஏறி இறங்கிப் பார்த்தார். தச்சருக்கு மனசு கேட்கவில்லை. மிச்சமிருந்த தார் ஷீட்டைக் கூரை ஓட்டைகளில் ஒட்டிவிட்டு இறங்கினார்.

கிளம்பும்போது அம்மா கேட்டார்: "நாளைக்குக் காலைல வேன் வருமா சார்? இதை ஒரு இடத்துல இறக்கணும்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமையாச்சே. ஆராதனை இருக்கும்மா."

"அதுக்கு முன்னாடியே முடிஞ்சிடும் சார்."

மறுநாள் விடிந்ததும் சாரே தச்சரைக் கூட்டிக்கொண்டு வேனோடு வந்துவிட்டார். வராமல் அவரால் இருக்க முடியாது.

அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து வழி சொன்னார். ஆஸ்பத்திரியாக இருக்குமோ என்று நினைத்தார் சார். வேன் ஆஸ்பத்திரியைத் தாண்டியது. முதியோர் இல்லமோ? அதையும் தாண்டியது.

"இங்கதான். நிறுத்துங்க."

சார் தலையை வெளியே நீட்டினார். அவருடைய சர்ச்!

"இங்கயாம்மா?"

அம்மா இறங்கிப் போய் முன்வாசல் படிகளைக் காட்டினார். துண்டுகளைச் சேர்த்து வைத்ததும் மேடை அச்சாகப் பொருந்தியது.

"பாடகர் குழுவுக்கு அங்கி தைச்சுக் குடுக்க வந்தப்போ அளந்துக்கிட்டேன் சார்."

"எங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, கமிட்டி கூடட்டும், பேசி முடிவு பண்ணலாம்பீங்க."

அதற்குள் சக்கரச் சத்தம் கேட்டது. சுற்றுச்சுவர் ஓரமாக வயதான ஒரு பெண்மணி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் உட்கார்ந்திருந்தவரைச் சார் உற்றுப் பார்த்தார்.

ஆர்கன் மாஸ்டர்!

பல வருஷம் அந்தச் சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர். பக்கவாதம் வந்து கால் விழுந்த பிறகு வீட்டோடு கிடக்கிறார் என்றுதான் சார் நினைத்திருந்தார். சார் காரைப் பின்பக்கம் நிறுத்திவிட்டு அந்த வழியாகவே சர்ச்சுக்கு வந்து போகிறவர். முன்வாசல் பக்கம் அவர் கண் போனதே இல்லை.

சார் ஓடிப் போய் நாற்காலியைத் தானே பிடித்துக்கொண்டார். சக்கரம் எங்கும் தடுக்காமல் மேலே ஏறியது. வாசலில் நின்று உள்ளே பார்த்த மாஸ்டரின் இடது கை விரல்கள் மட்டும் நாற்காலிப் பிடியின்மேல் மெல்ல அசைந்தன.

"மாஸ்டர், உங்களை நாங்க மறக்கல," என்றார் சார். "வாரா வாரம் உங்க பேரைச் சொல்லி ஜெபம் பண்றோம்."

கீழே நின்றிருந்த தையல்காரம்மா சொன்னார்:

"அவருக்குத் தெரியும் சார். மைக்குல நல்லாவே கேக்குது. வாரா வாரம் இந்தச் சுவருக்கு வெளியில உக்காந்து, அவரும் ஆமென் சொல்லிட்டுத்தான் போறார்."